ஒரு தொட்டிக்கு ஒரு குலை

சிரம்பானிலிருந்து லுக்குட் வழியாகப் போர்ட்டிக்சனுக்குச் செல்லும் பழைய சாலையின் ஓரங்களில் செம்பனைத் தோட்டங்களைக் காணலாம். சாலை முடியும் இடத்தில் கடல். கடற்கரையை ஒட்டி, கப்பலில் வந்து இறங்கும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலைகள் 1960-களிலிருந்து இயங்கி வருகின்றன. மரத்தில் விளையும் எண்ணெய்க்கும் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கும் நெகிரி செம்பிலானில் அரைமணி நேரப் பயணத் தூரம்தான். இன்று இவை இரண்டும் ஒரே குழாய் வழியாக வாகனத் தொட்டிக்குள் போகின்றன.

பெட்ரோல் நிலையத்தின் டீசல் குழாயில் பி7, பி10 என்று ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் ஒட்டப்பட்டிருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பி என்பது பயோடீசல். எண் என்பது விழுக்காடு. பி10 என்றால் 100 லிட்டரில் 10 லிட்டர் செம்பனை எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது. மீதி 90 லிட்டர் வழக்கமான பெட்ரோலிய டீசல்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 லிட்டர் கொள்ளும் தொட்டியில் பி10 நிரப்பினால் அதில் 5 லிட்டர் பயோடீசல் இருக்கும். அதன் எடை ஏறத்தாழ 4.4 கிலோகிராம். செம்பனைக் குலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் எண்ணெயாகக் கிடைக்கும். ஆகவே, அந்த 5 லிட்டருக்கு 22 கிலோகிராம் எடையுள்ள குலை வேண்டும். தோட்டத்தில் ஒரு குலை பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு குலை. பி20 என்றால் இரண்டு குலைகள்.

இந்த எண்ணை உயர்த்திக்கொண்டே போனால் நாடு பசுமையாகிவிடும் என்பது பரவலான கருத்து. அது பாதி உண்மை மட்டுமே. எரிபொருள் பசுமையானதா இல்லையா என்பதைக் குழாயில் உள்ள எண் சொல்வதில்லை. அந்தக் குலை எந்த மண்ணில் விளைந்தது, ஆலையில் என்ன நடந்தது, குலையே இல்லாமல் அந்த எண்ணெயைப் பெற வழி இருந்ததா என்ற கேள்விகளில்தான் விடை இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்கு டீசல் புதிய பொருளன்று. தேசிய மின்கம்பிகள் வந்து சேராத காலத்தில் பல தோட்டங்களில் டீசல் ஜெனரேட்டர்தான் லயங்களுக்கு ஒளி கொடுத்தது. மாலையில் அது உறுமத் தொடங்கும். இரவு பத்து மணியளவில் நின்றுவிடும். அதற்குப் பிறகு படிக்க வேண்டிய பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கைத் தேட வேண்டும். அடுப்புக்கும் குளிக்க வெந்நீர் வைக்கவும் பட்டுப்போன பால்மரத்தின் விறகு. எரிபொருள் என்பது எங்கோ நடக்கும் ஆராய்ச்சியாக அந்தக் குடும்பங்களுக்கு இருந்ததில்லை. அது வீட்டின் நேர அட்டவணையாகவே இருந்தது.

தாவர எண்ணெயால் இயந்திரத்தை ஓட்டலாம் என்ற எண்ணம் டீசல் இயந்திரத்தைப் போலவே பழையது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. இதை அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பின்னர் குறிப்பிட்டிருக்கிறார். அப்படியானால் சமையலறை எண்ணெயை அப்படியே தொட்டியில் ஊற்றினால் என்ன?

மலேசியா கிட்டத்தட்ட அதைத்தான் முதலில் செய்து பார்த்தது. 2006இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வெளிவந்தபோது, சுத்திகரித்த செம்பனை எண்ணெயை 5 விழுக்காடு டீசலோடு நேரடியாகக் கலந்த 'என்வோ டீசல்' அறிமுகமானது. இயந்திர உற்பத்தியாளர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். தாவர எண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு கெட்டியானது. அது தெளிப்பு முனையில் நுண்துளிகளாகப் பிரியாது. முழுமையாக எரியாமல் கரிப்படிவை விட்டுச் செல்லும். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

எண்ணெயின் கெட்டித் தன்மைக்குக் காரணம் அதன் மூலக்கூற்றின் அமைப்பு. மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கிளிசரின் என்னும் ஒரே முளையில் கட்டப்பட்டிருக்கின்றன. மெத்தனால் என்ற சாராயத்தைச் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வினையூக்கியோடு சூடாக்கினால், சங்கிலிகள் முளையை விட்டு அவிழ்ந்து மெத்தனாலோடு இணைகின்றன. 100 கிலோகிராம் எண்ணெயும் ஏறத்தாழ 10 கிலோகிராம் மெத்தனாலும் சேர்ந்தால் சுமார் 100 கிலோகிராம் பயோடீசலும் 10 கிலோகிராம் கிளிசரினும் கிடைக்கும். அடியில் தங்கும் கிளிசரின் சோப்பும் அழகுப் பொருள்களும் செய்யப் பயன்படும். மேலே மிதக்கும் நீர்த்த திரவம்தான் பயோடீசல்.

இந்த ஆராய்ச்சியை மலேசியா அண்மையில் தொடங்கவில்லை. நெகிரி செம்பிலான் எல்லைக்கு அருகே, பாங்கியில் உள்ள செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் 1980-களின் தொடக்கத்திலேயே இதில் இறங்கிவிட்டது. மெர்சிடிஸ் பென்ஸ் பேருந்துகளில் நீண்ட தூரச் சோதனைகள் நடந்தன. அக்கழகமே 2000ஆம் ஆண்டு மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமானது. ஆனாலும், ஆய்வுக்கூடத்திலிருந்து பெட்ரோல் நிலையத்திற்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. 2011 ஜூனில் புத்ராஜெயாவில் பி5 கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் மலாக்கா, நெகிரி செம்பிலான், கோலாலம்பூர், சிலாங்கூர் ஆகிய இடங்களுக்கும் அது விரிந்தது. நாட்டிலேயே இந்தக் கலப்பை முதலில் ஊற்றி ஓட்டியவர்களுள் நெகிரி செம்பிலான் லாரி ஓட்டுநர்களும் அடங்குவர். அவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கேள்வி. பின்னர் பி7 வந்தது. 2019இல் பி10 வந்தது. 2020இல் லங்காவியிலும் லாபுவானிலும் பி20 தொடங்கியது.

மலேசியர்கள் இந்த எரிபொருளை வாகனத்தோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறார்கள். குளிர் நாடுகளில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பல வீடுகளின் நிலவறையில் ஓர் எண்ணெய்த் தொட்டி இருக்கும். அதில் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் பிடிக்கும். டீசலுக்கு நெருங்கிய உறவான ஓர் எண்ணெயைக் கொதிகலனில் எரித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். நியூயார்க் நகரம் அந்த எண்ணெயில் 2 விழுக்காடு பயோடீசல் கலக்க வேண்டும் என்று 2012இல் கட்டாயமாக்கியது. 2017இல் அதை 5 விழுக்காடாக உயர்த்தியது. 2034க்குள் 20 விழுக்காடு என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அங்கே கலக்கப்படுவதில் சோயா எண்ணெயும் உணவகங்களில் பொரித்து முடித்த பழைய எண்ணெயும் முக்கிய இடம் பெறுகின்றன.

செம்பனை பயோடீசலை அப்படியே அங்கே அனுப்ப முடியாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த சமையல் எண்ணெய் வெண்மையாக உறைவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். சாதாரணச் செம்பனை பயோடீசல் ஏறத்தாழ 15 பாகை செல்சியசிலேயே உறையத் தொடங்கிவிடும். உறைநிலையைக் கழிவு 21 பாகைவரை தாழ்த்திய குளிர்கால வகையைச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கியிருக்கிறது. அதற்குச் செலவு கூடும். இந்தச் சிக்கல் உள்நாட்டிலும் உண்டு. பி10 வந்தபோது கேமரன் மலை, கெந்திங் மலை, குண்டாசாங் ஆகிய குளிர்ந்த பகுதிகளில் பி7தான் தொடர்ந்தது.

வேறு சில குணங்களும் இதற்கு உண்டு. பெட்ரோலிய டீசலைவிடப் புகைக்கரி குறைவு; கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால், ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் சற்றுக் குறைவு. காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மை உள்ளதால் நெடுநாள் தேக்கி வைத்தால் தொட்டியில் நுண்ணுயிர் வளரும். பழைய தொட்டியின் அடியில் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும் என்பதால், தொடக்கத்தில் வடிகட்டிகள் அடைபடலாம். கலக்காத பயோடீசல் இயற்கை ரப்பரை மெல்ல ஊதச் செய்து கெடுத்துவிடும். பாட்டன் வெட்டிய பால்மரத்தின் ரப்பர், பேரன் காலத்துச் செம்பனை எரிபொருளைத் தாங்குவதில்லை! புதிய இயந்திரங்களில் அதைத் தாங்கும் செயற்கைப் பொருள்களால் குழாய்களும் வளையங்களும் செய்யப்படுகின்றன. குறைந்த விழுக்காட்டுக் கலப்பில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரிவதில்லை.

இவை பொறியாளர்கள் தீர்த்துக்கொள்ளக் கூடியவை. கடினமான கேள்வி மண்ணைப் பற்றியது.

செடி வளரும்போது காற்றிலிருந்து கரிவளியை எடுக்கிறது; எரியும்போது அதையே திருப்பிக் கொடுக்கிறது; எனவே கணக்கு நேராகிவிடும் என்று பயோடீசலை ஆதரிப்போர் சொல்வார்கள். செடி நிற்கும் இடத்தில் அதற்கு முன் என்ன இருந்தது என்பதை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் பெரும்பாலானவை முன்பு ரப்பர் தோட்டங்கள். ரப்பர் விலை தளர்ந்தபோது அவை செம்பனைக்கு மாறின. ஒரு மரப்பயிரின் இடத்தில் இன்னொரு மரப்பயிர் வந்தது. காட்டை அழித்து அல்லது கரிச்சதுப்பு நிலத்தின் நீரை வடித்து நட்ட செம்பனையின் கதை அப்படியன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பில் சேர்ந்திருந்த கரி, நீர் வடிந்ததும் காற்றோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கரிவளியாக வெளியேறும். அந்த நிலத்துப் பயோடீசல் பெட்ரோலிய டீசலைவிட அதிகக் கேடு செய்யக்கூடும். சிலியாவில் விளைந்த குலையும் சதுப்பில் விளைந்த குலையும் தொட்டிக்குள் போன பிறகு ஒன்றுதான். குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதான்.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் செம்பனை பயோடீசலை 2030க்குள் தன் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்கிலிருந்து நீக்க 2019இல் முடிவெடுத்தது. மலேசியா உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் வெளியான அறிக்கையில் நடுவர் குழு, அத்தகைய வரம்பு விதிக்கும் உரிமையை மறுக்கவில்லை. அதைச் செயற்படுத்திய முறையில் குறைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. மலேசியாவின் மனக்குறையில் நியாயம் உண்டு. ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்கு மேல் எண்ணெய் தரவல்லது. சோயா அரை டன்னைத் தாண்டுவதே அரிது. அதே எண்ணெயைச் சோயாவிலிருந்து எடுக்க எத்தனை மடங்கு நிலம் வேண்டும்! ஆனால், அந்த நியாயம் எல்லாக் குலைகளையும் ஒரே தராசில் நிறுத்தி, எல்லாம் நல்லவையே என்று சொல்ல உரிமை தராது. நிலையான செம்பனைக்கான மலேசியச் சான்றிதழை 2020இல் அரசாங்கம் கட்டாயமாக்கியதும், செம்பனைப் பரப்பை 65 இலட்சம் ஹெக்டருக்குள் நிறுத்துவதாக அறிவித்ததும் சரியான திசையில் வைத்த அடிகள்.

கலப்பு விழுக்காட்டை உயர்த்த வேண்டும் என்போரிடம் இன்னொரு வலுவான வாதம் இருக்கிறது. பாலோங், செர்த்திங் போன்ற பெல்டா குடியேற்றங்களில் உள்ளவர்களுக்கும் நாடெங்கும் உள்ள சிறுதோட்டக்காரர்களுக்கும் குலையின் விலைதான் வாழ்க்கை. உலகச் சந்தையில் எண்ணெய் தேங்கி விலை சரியும்போது, உள்நாட்டில் டீசலோடு கலப்பதற்கு ஓர் அளவு எடுக்கப்பட்டால் விலை ஓரளவு தாங்கி நிற்கும். இதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. ஆனாலும், செம்பனை எண்ணெயின் விலை டீசலின் விலையைவிட ஏறும் காலத்தில் அதே கலப்பு ஒவ்வொரு லிட்டரின் செலவையும் கூட்டும். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் நாள் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது, சில சென் வேறுபாடுகூட லாரி வைத்திருக்கும் ஒருவரின் மாதக் கணக்கை எப்படிப் புரட்டும் என்பது பலருக்கும் புரிந்தது. விழுக்காட்டை உயர்த்தும் முடிவில் விவசாயியின் வருமானமும் ஓட்டுநரின் செலவும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்கின்றன.

ஆகவே, அடுத்த லிட்டர் பயோடீசலைப் புதிய குலையிலிருந்து எடுப்பதற்கு முன், ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருக்கும் எண்ணெயிலிருந்து எடுப்பதே முறை.

அப்படி வீணாகும் எண்ணெய் முதலில் வீட்டில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் முறுக்கும் அதிரசமும் சுட்டு முடித்த பிறகு சட்டியில் கறுத்துப்போய் நிற்கும் எண்ணெயை நினைத்துப் பாருங்கள். அது பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றப்பட்டால் குழாயில் படிந்து அடைக்கும். சாக்கடை வழியாக ஆற்றில் சேர்ந்தால் நீரின் மேல் படலமாகி உயிர்வளியைத் தடுக்கும். அதே எண்ணெயை வடிகட்டி, ஈரம் நீக்கி, மெத்தனாலோடு சேர்த்தால் நல்ல பயோடீசல் கிடைக்கும். அதற்கென்று ஓர் அடி நிலமும் தேவையில்லை. மலேசியாவில் பழைய எண்ணெயை விலைக்கு வாங்குவோர் இருக்கிறார்கள். ஒட்டுக்கடைக்காரர்களும் உணவகத்தாரும் அதை அறிவார்கள். வீடுகளில் இன்னும் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை.

இதில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. உதவித்தொகை பெற்ற சமையல் எண்ணெய்ப் பொட்டலம் கிலோகிராம் 2.50 ரிங்கிட்டுக்கு விற்கப்படுகிறது. வெளிநாட்டில் பழைய எண்ணெய்க்குத் தேவை கூடி அதன் விலை அதைத் தாண்டினால், ஏழைக் குடும்பங்களுக்கென்று வைத்த புதிய எண்ணெயையே பழையது என்று விற்கும் ஆசை சிலருக்கு வந்துவிடும். மலேசியா உள்ளிட்ட ஆசிய நாடுகளிலிருந்து போகும் பழைய எண்ணெய் உண்மையில் பழையதுதானா என்ற ஐயம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுப்பப்பட்டிருக்கிறது. கழிவு என்று பெயர் வைத்த மாத்திரத்தில் எதுவும் கழிவாகிவிடாது. சட்டியிலிருந்து ஆலைவரை யார் கைமாற்றினார்கள் என்ற பதிவு வேண்டும்.

இன்னொரு வீணடிப்பு செம்பனை ஆலையில் நடக்கிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆலை அந்தக் குலைகளை ஆவியில் அவித்து, பிழிந்து, எண்ணெயைப் பிரிக்கிறது. பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும் அங்கேயே கொதிகலனில் எரிக்கப்படுகின்றன. செம்பனை ஆலை நெடுங்காலமாகத் தன் எரிபொருளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த வகையில் அது பாராட்டத்தக்கது. ஆனால், ஒவ்வொரு டன் குலைக்கும் அரைக் கன மீட்டருக்கு மேல் பழுப்பு நிறக் கழிவுநீர் வெளியேறும். அது பெரிய குளங்களில் தேக்கப்படும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் புளித்த வாடையை மறக்க மாட்டார்கள். காற்றுப் புகாத அடிப்பகுதியில் நுண்ணுயிர்கள் அந்நீரைச் சிதைக்கும்போது மீத்தேன் குமிழிட்டு எழும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரிவளியைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

எத்தனை கவனமாக நட்ட குலையாக இருந்தாலும், அது திறந்த குளம் உள்ள ஆலைக்குப் போனால் அதன் பயோடீசல் தன் நற்பெயரில் பெரும் பங்கை அந்தக் குளத்திலேயே இழந்துவிடுகிறது. குளத்தின் மேல் தடித்த விரிப்பை இழுத்து மூடினால் கதை மாறும். ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும். அதை எரித்து மின்சாரம் எடுக்கலாம். ஆலைக்குப் பக்கத்து வீடுகளுக்கு வெளிச்சம் தரலாம். ஒரு காலத்தில் இரவு பத்து மணிக்கு இருளில் மூழ்கிய லயங்களை நினைத்தால், அந்த மின்சாரத்தின் மதிப்பு விளங்கும். கழிவுநீரின் மேல் மிதக்கும் எண்ணெயையும் வழித்தெடுத்துப் பயோடீசலாக்கலாம். குலையை மறுக்கும் ஐரோப்பாவே அந்த எண்ணெயைக் கழிவுப் பட்டியலில் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது.

2014 முதல், புதிதாகக் கட்டப்படும் ஆலைகளும் உற்பத்தியை விரிவாக்க விரும்பும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்கும் வசதியை அமைத்தாக வேண்டும் என்று மலேசியா விதித்திருக்கிறது. விரிவாக்கம் கேட்காத பழைய ஆலைகளை அந்த விதி தொடவில்லை. பி20ஐ நாடு முழுவதற்கும் கொண்டு செல்லும் பேச்சு நடக்கும்போது, அந்தப் பழைய ஆலைகளுக்கும் ஒரு கெடு வைப்பது அதைவிட அவசரமான வேலை. அதுவரை அவற்றின் குளங்கள் வானம் பார்த்தபடியே குமிழிட்டுக்கொண்டிருக்கும்.